மாப்ளைக்கு ஒரு சீட் பெல்ட்

காரில் தனியாகப் போகும்போதுகூட வேகத்தடை வந்தால் நான் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். "முன்னால ஸ்பீடு பிரேக்கர் வருது, பயப்படாத." பின்சீட்டில் ஒரு ஈ காக்கா இருக்காது. கல்யாணமான புதிதில் என் கணவர் "யார்ட்ட சொல்ற?" என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார். இப்போது அவரும் பழகிவிட்டார். நான் சொல்ல மறந்தால்தான் இப்போது திரும்பிப் பார்க்கிறார்.

இந்தப் பழக்கத்தை என்னிடம் ஒட்டவைத்தவர், அவனியாபுரத்தில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் பக்கத்து வீட்டு அக்கா. முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருந்தார். வீட்டுக்காரர் சவுதியில். காம்பவுண்டில் அவருக்கு முகத்துக்கு நேரே 'பார்லர் அக்கா', முதுகுக்குப் பின்னால் 'ரேடியோ'. அது தனக்குத் தெரியும் என்பதையும் அவரே எங்களிடம் சொல்லிவிட்டார்.

எதையும் சொல்லிவிட்டுத்தான் செய்வார். அதுதான் அக்கா. புருவம் திருத்தப் போய் உட்கார்ந்தால், "நூலை வைக்கிறேன். இழுக்கிறேன். சுருக்குனு இருக்கும். இருந்துச்சா? அம்புட்டுத்தான்" என்று ஒவ்வொரு மயிருக்கும் நேர்முக வர்ணனை. முதலில் எனக்கு எரிச்சலாக வரும். "அக்கா, சொல்லாம இழுத்துருங்க, சொல்றதுதான் ரொம்ப வலிக்குது" என்றேன் ஒருநாள். அவர் நூலைப் பல்லில் கடித்தபடி என்னைப் பார்த்தார். "வலிக்கிறது வேற, பயம் வேற. சொல்லாமச் செஞ்சா ரெண்டும் சேந்து வரும்" என்றார். சொல்லிவிட்டு இழுத்தார்.

தொழில் பழக்கமாக இருந்தது முற்றிப்போனது மாப்ள வந்த பிறகு.

மாப்ள ஒரு பறவை. சாம்பல் உடம்பு, மஞ்சள் மூஞ்சி, ரூஜ் தடவியதுபோல இரண்டு ஆரஞ்சுக் கன்னம், கோபம் வந்தால் விறைக்கும் கொண்டை. கிளி ஜாதிதான், ஆனால் பச்சைக்கிளி இல்லை. "பச்சக்கிளி வளத்தா கேஸு. இது வெளிநாட்டுச் சாதி" என்பார் அக்கா. பறவைக் கடைக்காரர்கள் அதற்குச் சொல்லும் பெயர் காக்டெயில். அக்காவின் மகள் கல்லூரியில் படிக்கும்போது குஞ்சாகக் கொண்டுவந்து ஊட்டி வளர்த்தாள். அவள் அதை "என்ன மாப்ள, சாப்டியா மாப்ள" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. பிற்காலத்தில் நிஜமாகவே ஒரு மாப்பிள்ளை வருவார் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

மாப்ளைக்குச் சத்தம் ஆகாது. பார்லர் ஸ்பிரே வாடையும் ஆகாது, அதனால் பின்னறையில் கதவைச் சாத்தி வைத்திருப்பார்கள். அதற்கு நாளெல்லாம் அக்காவின் அறிவிப்புதான். "மிக்சி போடுறேன் மாப்ள." "குக்கர் கத்தும் மாப்ள." "லைட்டை அமத்துறேன், பயப்படாத." எங்கள் வீட்டில் மணி பார்க்கும் வேலையே இல்லை. அக்கா குளிக்கப் போகிறார் என்றால் எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

அந்த வீட்டில் ஒரே ஒரு வார்த்தைக்குத் தடை. வெளியே கிளம்பும்போது 'போறேன்' என்று யாரும் சொல்லக் கூடாது. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், போகிறவர்கள் 'வாரேன்' என்றுதான் சொல்வோம். ஆனால் அக்கா வீட்டில் அது சட்டம். மாப்ள பேசக் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தையும் அந்த 'வாரேன்'தான். அதற்கு அர்த்தம், யாரோ வாசலைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்கள். பின்னறையில் நின்று ஒருவர் "வாரேன்" என்றால் போதும், பதிலுக்கு "வாரேன்" என்று கத்திக்கொண்டு அவர் தோளிலோ தலையிலோ வந்து உட்கார்ந்துவிடும், தன்னையும் கூட்டிப்போகச் சொல்லி. அப்புறம் அதைப் பிய்த்தெடுத்துக் கூண்டில் விட்டால்தான் கதவைத் திறக்க முடியும். கேஸ் சிலிண்டர் மாற்ற வந்த அண்ணன் மரியாதைக்கு "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு, தலையில் பறவையோடு கையைத் தூக்கி நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதன்பிறகு நாங்கள் அந்த வீட்டிலிருந்து ஊமை மாதிரிக் கையசைத்துவிட்டுத்தான் கிளம்புவோம்.

மகளுக்குக் கல்யாணம் ஓசூரில் அமைந்தது. மறுவீட்டுக்கு வந்துவிட்டுப் புறப்பட்ட காலையில் அந்தப் பெண் பின்னறைக் கதவு வரை போனாள். வாரேன் என்றால் தோளில் ஏறிக்கொள்ளும், ஏறினால் தனக்கு அழுகை வந்துவிடும். அப்படியே திரும்பி வந்து காரில் ஏறிவிட்டாள். அக்காவுக்கு வந்ததே ஒரு கோபம். கண்கலங்கி வழியனுப்ப வேண்டிய நேரத்தில், "சொல்லாமப் போற பாரு, அது என்னன்னு நினைக்கும்?" என்று கார் ஜன்னலில் தலையை விட்டுச் சண்டை. புது மாப்பிள்ளை யாரைப் பற்றிப் பேச்சு என்று தெரியாமல் முழித்தார்.

அக்கா சொன்னதுதான் நடந்தது. மாப்ள தினையைத் தொடவில்லை. கழுத்து இறகைத் தானே பிடுங்கிப் போட ஆரம்பித்தது. மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனோம். "உடம்புக்கு ஒண்ணும் இல்ல, ஆள் ஏக்கம். இப்படியே விட்டா ரொம்ப நாள் தாங்காது" என்று சொல்லிவிட்டார்.

அன்று அக்கா மகளுக்குப் போன் போட்டார். எடுத்தது மகள் என்று நினைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் கொட்டினார். "ஏத்தா, மாப்ள சோறு தண்ணி எறங்காமக் கிடக்குத்தா. கழுத்துல முடி பூரா உதிந்து சொட்டையாப் போச்சு. ராத்திரி கத்திக்கிட்டே இருக்குது. டாக்டரு கைய விரிச்சிட்டாரு."

எடுத்தது சம்பந்தியம்மா. அந்தப் பக்கம் மெல்ல, "எம்மகன் இப்பத்தானே ரெண்டாவது தடவ சோறு வாங்கித் தின்னுட்டு எந்திரிச்சுப் போனான்" என்று கேட்டது. பக்கத்திலிருந்த நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன்.

பிறகு போனை வாங்கிய மகள், பறவையைத் தங்களிடமே கொண்டுவந்து விடும்படி சொல்லிவிட்டாள். எப்படிக் கொண்டுபோவது? பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், ஏற்றினாலும் அந்தப் பாட்டுச் சத்தத்துக்கே அது செத்துவிடும். வாடகைக் கார் டிரைவர் ஒருவர் ஊதுபத்தி இல்லாமல் வண்டி எடுக்க மாட்டேன் என்றார். மிச்சம் இருந்தது நான். பழைய கார் ஒன்றை வாங்கி, ஓட்டக் கற்று, ரிங் ரோட்டில் லாரிக்கு வழிவிட்டு வழிவிட்டே காலம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"எனக்கே பயமா இருக்குக்கா, அம்புட்டுத் தூரம்" என்றேன்.

"உனக்கும் சேத்துச் சொல்லிக்கிட்டே வாரேன்" என்றார்.

உடனே கிளம்பவில்லை. மாப்ளைக்கு ஒத்திகை. முதலில் நின்ற காருக்குள் கூண்டை வைத்து, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தினைக்கதிர் ஊட்டினார். மறுநாள் இன்ஜினை மட்டும் ஓடவிட்டோம். அப்புறம் தெருமுனை. அப்புறம் திருவாதவூர் வரை ஒரு போக்குவரத்து. கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தியதும் மாப்ள கொண்டையைத் தூக்கி வெளியே வேடிக்கை பார்த்தது. "பாத்தியா, சொன்னாக் கேட்டுக்கும்" என்று அக்காவுக்கு ஒரே பெருமை. ஒத்திகை எனக்கும்தான் நடந்தது என்று இப்போது புரிகிறது, அப்போது யார் கண்டது.

கிளம்புகிற அன்று விடியக்காலையிலேயே அக்கா என் காரைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் தொங்கிய வாசனை டப்பாவைக் கழற்றித் தெருவைப் பார்த்து வீசப்போனவரிடமிருந்து பிடுங்கி வீட்டில் வைத்தேன். பெரிய கூண்டு வேண்டாம், குலுங்கினால் அடிபடும் என்று சின்னக் கூண்டு. அதில் ஊஞ்சல், மணி எல்லாம் கழற்றியாகிவிட்டது. தண்ணீர்க் கிண்ணம் கொட்டும் என்று அதற்குப் பதில் வெள்ளரித் துண்டு. மூன்று பக்கம் பருத்தித் துண்டைப் போட்டு மூடி, ஒரு பக்கம் மட்டும் அக்காவைப் பார்த்த மாதிரி. கூண்டைச் சுற்றி சீட் பெல்ட். ஏசி காற்று நேராக அடிக்கக் கூடாது, வெயிலில் வண்டியை நிறுத்தி அதைத் தனியாக விட்டுப் போகக் கூடாது, கூண்டைத் திறப்பதென்றால் நாலு கண்ணாடியும் ஏறியிருக்க வேண்டும். இத்தனையும் எனக்கு உத்தரவு. "நீங்க பெல்ட் போடலையேக்கா" என்றேன். "அட ஆமா" என்று போட்டுக்கொண்டார்.

அந்தப் பயணத்தைப் போல நான் சிரித்த நாள் வேறில்லை. பின்சீட்டில் ஆல் இந்தியா ரேடியோ. "டோல்கேட் வருது மாப்ள, நிக்கும்." "லாரி ஹாரன் அடிப்பான், அடிச்சிட்டான், போயிட்டான்." "பாலம் ஏறுது. எறங்குது." வேடசந்தூர் தாண்டுவதற்குள் நான் கண்ணாடியைப் பார்ப்பதையே குறைத்துவிட்டேன், காதாலேயே வண்டி ஓட்டினேன். பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

கரூர் தாண்டி வாகனச் சோதனை. போலீஸ்காரர் ஒருவர் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார்.

"துணி போட்டு என்னங்க மூடி வச்சிருக்கீங்க?"

அக்கா உள்ளதை உள்ளபடி சொன்னார். "காக்டெயில் சார்."

போலீஸ்காரர் நிமிர்ந்து, மறுபடி குனிந்தார். "எவ்வளவு இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணுதான் சார். சின்னது. கைக்குள்ள அடங்கிரும்."

"யாருக்குக் கொண்டு போறீங்க?"

"எம் மகளுக்கு. ஓசூர்ல கட்டிக் குடுத்திருக்கேன். காலேஜ்லருந்தே பழக்கம் சார், அது இல்லாம அவளால இருக்க முடியல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும், சிரித்தால் இன்னும் சந்தேகம் வரும். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"படிச்ச பொண்ணு... நீங்களே வாங்கிக் குடுக்குறீங்களா?" அவர் குரலில் நிஜமாகவே வருத்தம். "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"மாப்ள இங்கதான் சார் இருக்குது, துணிக்குள்ள."

அந்த நேரம் பார்த்து, துணிக்குள்ளிருந்து "வாரேன்" என்று சத்தம் வந்தது. போலீஸ்காரர் ஓரடி பின்னால் குதித்தார். அக்கா கண்ணாடிகளை எல்லாம் ஏற்றச் சொல்லிவிட்டு, "துணியை எடுக்குறேன் மாப்ள, போலீசு மாமா பாக்கணுமாம்" என்று எடுத்தார். கண்ணாடிக்கு வெளியே அவரும் உள்ளே மாப்ளயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, "போங்கம்மா, பாத்துப் போங்க" என்றார்.

அதிலிருந்து ஆரம்பித்த சிரிப்பு நாமக்கல் தாண்டியும் அடங்கவில்லை. ஒரு புளியமரத்தடி டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். அக்கா கண்ணாடியை இறக்கி டீயை வாங்கினார். "காலேஜ்லருந்தே பழக்கம்" என்று நான் அவர் மாதிரிச் சொல்லிக் காட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே, வெள்ளரித் துண்டு வைப்பதற்காகக் கூண்டுக் கதவைத் திறந்தார். திறக்கிறேன் என்று சொல்லவில்லை. கண்ணாடியை ஏற்றவும் இல்லை.

என் காதோரம் விர்ரென்று ஒரு காற்று. மாப்ள புளியமரத்தில் இருந்தது.

டீ கிளாஸ் அக்கா மடியில் கவிழ்ந்தது. அவருக்குச் சுட்டதாகவே தெரியவில்லை. இறங்கி மரத்தடியில் போய் நின்றார். ரேடியோ நின்றுவிட்டது.

"மாப்ள, வாய்யா" என்று கையை நீட்டினார் கடைசியில்.

"வாரேன்" என்றது அது. ஒரு கிளை மேலே ஏறியது.

"வா சாமி."

"வாரேன்." இன்னும் ஒரு கிளை.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரே வேடிக்கை. "வாரேங்குது, வரவே மாட்டேங்குதே" என்றார் ஒருவர். டீ மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "சீக்கிரம் பிடிங்கம்மா, காக்கா பாத்துச்சுன்னா விடாது" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, ஒரு காக்கை வந்து எதிர்க் கிளையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. அது கத்தினால் ஊர்க் காக்கை எல்லாம் கூடிவிடும்.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "இவளே, அது வாரேன்னு சொல்லல. நம்ம வீட்டுல அதுக்குப் போறேன்னுல்ல அர்த்தம். சொல்லிட்டுப் போகுது" என்றார். ஓசூரில் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்ணிடம் என்ன சொல்வது?

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். சேலையை இழுத்துச் சரிசெய்தார், கடைக்குக் கிளம்புகிறவர் மாதிரி. "வண்டில ஏறி ஸ்டார்ட் பண்ணு. என் பக்கத்துக் கதவு தெறந்தே கிடக்கட்டும்" என்றார்.

"விட்டுட்டா போறது? என்னக்கா நீங்க?"

"ஏறு சொல்றேன்."

ஏறினேன். அவர் மரத்தை நிமிர்ந்து பார்த்து, பின்னறையில் நின்று சொல்வாரே, அதே குரலில் சொன்னார். "சரி மாப்ள. நான் வாரேன்."

திரும்பி நடந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை. பாவி, திரும்பிப் பார்த்துவிடாதே என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன். ஒரு காலைத் தூக்கி வண்டிக்குள் வைத்தார். அதுவரை ஒன்றும் நடக்கவில்லை.

"வாரேன்" என்று ஒரு கத்தல். அம்பு மாதிரி வந்து அவர் தலையில் இறங்கியது. அக்கா அன்று பார்லர் கொண்டை போட்டிருந்தார், அதில் குத்தியிருந்த ஹேர்பின் மொத்தத்துக்கும் நடுவே கால் மாட்டிக்கொண்டு நின்றது மாப்ள. அக்கா ஆடாமல் அசையாமல் தலையை நேரே வைத்து உள்ளே உட்கார்ந்தார்.

"கதவைச் சாத்துறேன் மாப்ள, பயப்படாத" என்றார். சாத்தினார். கண்ணாடியை ஏற்றுவதையும் சொல்லிவிட்டு ஏற்றினார். அதன்பிறகுதான் ஓவென்று அழுதார். நானும் அழுதேன். டீக்கடைக்காரர்கள் கைதட்டியது மூடிய கண்ணாடி வழியாகக் கேட்டது.

ஓசூரில் மகளைப் பார்த்ததும் மாப்ள நாங்கள் நினைத்த மாதிரி உருகவில்லை. ஒற்றைக் கண்ணால் முறைத்தது. அப்புறம் தோளில் ஏறி, காதை ஒரு கடி கடித்தது. அவள் "ஆ" என்று கத்தி, "மன்னிச்சுக்க மாப்ள, சொல்லாம வந்துட்டேன்" என்று சொன்ன பிறகு, கழுத்தோரம் ஒண்டித் தூங்கிப்போனது. சம்பந்தியம்மா அதன் சொட்டைக் கழுத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "இதுக்குத்தானா அன்னிக்கு எம்மகன் தலையெல்லாம் தடவித் தடவிப் பாத்தேன்" என்றார். நிஜ மாப்பிள்ளை மட்டும், தனக்கு ஏன் திடீரென்று இரண்டு வாரமாக அம்மா கையால் முட்டை கிடைத்தது என்று இப்போதுதான் புரிந்துகொண்டார்.

மறுநாள் ஊர் திரும்ப வேண்டும். மாப்ள நன்றாகத் தின்றது. அக்கா பையை எடுத்துக்கொண்டு கூடத்தில் வந்து நின்றார். மகளின் தோளிலிருந்து மாப்ள அவரையே பார்த்தது. அக்கா வாயைத் திறந்தார். மூடினார். வாரேன் என்றால் வந்து தலையில் உட்காரும். பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். மகளும் தாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுவீட்டன்று கார் ஜன்னலில் நடந்த சண்டை இருவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மகள் கண்ணாலேயே வாசலைக் காட்டினாள்.

அக்கா சொல்லாமல் வெளியே வந்துவிட்டார். சொல்லாமல் காரில் ஏறினார். பின்சீட்டில், காலிக் கூண்டுக்குப் பக்கத்தில். நான் வண்டியை எடுத்தேன். தெருமுனை வரைதான்.

"நிறுத்து" என்றார்.

போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். "ஏத்தா, கதவைச் சாத்திட்டியா? ஜன்னலு? பாத்ரூம் ஜன்னலும் சாத்து. சாத்திட்டியா? ஸ்பீக்கர்ல போட்டு அது பக்கத்துல வையி."

சேலையைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, நான் வாரேன்."

போனில் இறக்கைச் சத்தம், எங்கோ மோதி உட்காரும் சத்தம், மகள் சிரிக்கும் சத்தம். "அம்மா, போன் மேல வந்து உக்காந்திருச்சும்மா" என்றாள். அவள் பேச்சை முந்திக்கொண்டு, ரொம்பக் கிட்டத்தில், "வாரேன்" என்று கேட்டது.

அக்கா போனை மடியில் வைத்துவிட்டு வெளியே பார்த்தார். நான் கண்ணாடியில் அவரைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். காலிக் கூண்டு ஆடாமல் இருக்க, சீட் பெல்ட்டை இழுத்துச் சரியாக மாட்டினார்.

"கெளம்பு" என்றார். "முன்னால ஸ்பீடு பிரேக்கர் வருது. பயப்படாத."

"சரிக்கா" என்றேன்.